இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களும் அவற்றை அளந்தவர்களும்

பெற்றோரை முதியோர் இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவரச் செல்லும் மக்கள், வாயிலில் உள்ள பூந்தோட்டத்தையும், வரவேற்பறையின் பளிங்குத் தரையையும், உணவுக்கூடத்தில் ஒட்டியிருக்கும் வாராந்தர உணவுப் பட்டியலையும் கண்டு திருப்தியடைந்து திரும்பிவிடுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். நள்ளிரவில் ஒரு மூதாட்டி மணியை அழுத்தினால் எழுந்து வருவதற்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அவர்கள் அங்கே எத்தனை காலமாக வேலை பார்க்கிறார்கள், உறங்க விரும்பும் ஒருவரை வேலை முறையின் சௌகரியத்துக்காக விடியுமுன் எழுப்பிக் குளிப்பாட்டும் வழக்கம் உண்டா என்ற வினாக்களை விசாரிப்போர் மிகச் சிலரே. கோயம்புத்தூரிலும் சென்னையைச் சுற்றியும் முதியோருக்கென்றே அமைந்த குடியிருப்புகள் ஆண்டுக்காண்டு பெருகிவரும் இக்காலத்தில், இவ்வினாக்களுக்குப் பின்னே ஒரு நெடிய சரித்திரம் இருக்கிறது என்பதை நம்மவர் அறிந்துகொள்வது நன்று என்று எண்ணியே இதை எழுதலானேன். அச்சரித்திரத்தின் பெரும்பகுதி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. ஆதரவற்ற முதியோரைச் சட்டத்தின் மூலம் அரசாங்கமே ஏற்று, பெருங்கட்டடங்களில் வைத்து, அவர்களுக்கு அளந்த ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் கூடக் கணக்கெழுதிய தேசம் அது. அந்தக் கணக்கு உண்மைதானா என்று பார்க்க வெளியிலிருந்து உள்ளே நுழைந்த சிலரும் அங்கே தோன்றினார்கள். இக்கட்டுரை முக்கியமாக அவர்களைப் பற்றியது.

மிகப் பழைய இல்லங்கள் சமயத் தர்மத்தால் எழுந்தவை. வின்செஸ்டர் நகரத்தருகே 12ஆம் நூற்றாண்டில், 1130களில், ஹென்றி என்ற மதகுரு ஸ்தாபித்த பரிசுத்த சிலுவை இல்லம், உழைக்கச் சக்தியற்ற 13 ஏழை ஆடவருக்கு இடமளிப்பதையும், வாயிலில் நாள்தோறும் 100 பேருக்கு உணவிடுவதையும் தன் கடமையாகக் கொண்டு தொடங்கியது. இன்றும் அங்கே முதியவர்கள், தலைக்கொரு சிறு வீடும் தனிக் கதவுமாக வாழ்ந்து வருகிறார்கள். ஆனால் தர்மம் பழமையானது என்பதால் மட்டும் அது ஒழுங்காக நடந்துவிடுவதில்லை. கில்ஃபோர்டு பிரபு அவ்வில்லத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்து, அறக்கட்டளையின் வருமானத்தில் பெரும்பகுதியைத் தாமே அனுபவித்துவந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நீதிமன்றம் வரை சென்று கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஏழு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தழைத்த ஒரு தர்மத்தின் கணக்கைக்கூட வெளியார் ஒருவர் கேட்டபோதுதான் அதன் உண்மை நிலை தெரியவந்தது என்பது இங்கே நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

இத்தகைய அறநிலையங்களில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காத பெருந்திரளான முதியோர், 1601ஆம் ஆண்டின் ஏழைச் சட்டப்படி, தத்தம் திருச்சபைப் பகுதியார் வசூலித்த வரியிலிருந்து கிடைத்த சிறு உதவியைக் கொண்டு தங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ காலம் தள்ளினார்கள். அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றியது 1834ஆம் ஆண்டின் புதிய சட்டம். வரிச்சுமை பெருகிவிட்டதென்றும், உதவி எளிதில் கிடைப்பதால் உழைப்பாளிகள் சோம்பேறிகளாகிறார்கள் என்றும் கருதிய அக்காலத்து அறிஞர்கள், உழைக்கச் சக்தியுள்ளவர் உதவி வேண்டினால் 'வொர்க்ஹவுஸ்' என்ற தொழில்விடுதிக்குள் வந்தே அதைப் பெறவேண்டும் என்றும், அவ்விடுதியின் வாழ்வு வெளியே உழைத்துப் பிழைக்கும் மிகத் தாழ்ந்த கூலிக்காரனின் வாழ்வைக் காட்டிலும் விரும்பத்தக்கதாய் இருக்கலாகாது என்றும் விதித்தார்கள். இவ்விதி திடகாத்திரமான இளைஞர்களை எண்ணி வகுக்கப்பட்டதே ஒழிய முதியவர்களை எண்ணி அன்று. சட்டத்துக்கு வழிகோலிய விசாரணைக் குழுவின் அறிக்கையே, முதியோரைத் தனிக் கட்டடத்தில் வைத்து அவர்களுக்குரிய சிறு சுகங்களை அனுபவிக்க விடவேண்டும் என்று சிபாரிசு செய்திருந்தது. எனினும் தனித்தனிக் கட்டடங்களுக்குச் செலவு அதிகமென்று கருதப்பட்டபடியால், சாம்ப்ஸன் கெம்ப்தார்ன் என்ற இளம் கட்டடக் கலைஞர் 1835இல் வரைந்து தந்த மாதிரிப் படங்களைப் பின்பற்றி, நடுவில் மேற்பார்வையாளரின் அறையும் நாற்புறமும் விரியும் சிறகுகளுமாக ஒரே பெருங்கட்டடம் பல ஊர்களில் எழுந்தது. சோம்பேறியைப் பயமுறுத்தக் கட்டிய மதிலுக்குள்ளேயே 80 வயதுக் கிழவரும் அடைபட்டார். பிற்காலத்து இல்லங்களின் குறைகளில் எத்தனையோ இந்த ஒரு சிக்கனத்திலிருந்து கிளைத்தவை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதிகாரிகள் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிட முடியாது. புதிய சட்டத்தை நடத்த அமைந்த மத்திய ஆணையத்தார் வெளியிட்ட உணவு விதிகளில், 60 வயது நிரம்பியவர்களுக்குக் காலைக் கஞ்சிக்குப் பதிலாக வாரம் ஒன்றுக்கு 1 அவுன்சு தேயிலையும் 5 அவுன்சு வெண்ணெயும் 7 அவுன்சு சர்க்கரையும் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை காணப்படுகிறது. பல்லாண்டு மணவாழ்க்கைக்குப் பின் கணவனை ஆடவர் பகுதிக்கும் மனைவியைப் பெண்டிர் பகுதிக்கும் பிரித்தனுப்பிய கொடுமை பெருங்கண்டனத்துக்கு இலக்காகவே, 60 வயதைக் கடந்த தம்பதிகளை வலுவில் பிரிக்கலாகாது என்று 1847இல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. ஆயினும் தம்பதிகளுக்கெனத் தனி அறை கட்டிவைத்த விடுதிகள் அரிதாகவே இருந்தன. அறையில்லாத இடத்தில் உரிமை என்ன பயன் தரும்? சட்டப் புத்தகத்தில் இருந்த கருணைக்கும் கட்டடத்தில் இருந்த ஏற்பாட்டுக்கும் இடையிலிருந்த இந்த இடைவெளியை அளந்து பார்க்க அன்று ஆளில்லை. ஆண்டோவர் என்ற ஊரின் விடுதியில், உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலையிலிருந்தவர்கள் பசி பொறாமல் அவ்வெலும்பில் ஒட்டியிருந்த ஊனைச் சுரண்டித் தின்றார்கள் என்ற செய்தி 1845இல் வெளிப்பட்டு நாடே அதிர்ந்தபோது, மேற்பார்வைக்கென்றே நியமனமான அதிகாரிகள் இருந்தும் அது எப்படித் தெரியாமற்போயிற்று என்ற கேள்வி எழுந்து, அந்த ஆணையமே இரண்டாண்டுகளில் கலைந்தது.

உத்தியோகத் தொடர்பு ஏதுமின்றி உள்ளே நுழைந்தவர்களுள் தலைசிறந்தவர் லூயிஸா ட்வைனிங். புகழ்பெற்ற தேயிலை வணிகர் குடும்பத்தில் 1820இல் பிறந்த இவ்வம்மையார், தம் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு வயதான தாதி லண்டனிலுள்ள ஸ்ட்ராண்டு விடுதியில் சேர்ந்திருக்கிறாள் என்று கேட்டு, 1853இல் அவளைப் பார்க்கச் சென்றார். பார்த்த காட்சி அவரைத் திடுக்கிடச் செய்தது. தம்மைப் போன்ற பெண்டிர் ஒழுங்காக வந்து நோயாளிகளிடமும் முதியோரிடமும் பேசி, படித்துக் காட்டி, ஆறுதல் அளிக்க அனுமதி வேண்டும் என்று அவர் விண்ணப்பித்தபோது, வெளியாரின் வருகை கட்டுப்பாட்டைக் குலைக்கும் என்று அதிகாரிகள் தயங்கினார்கள். அவரோ விடாமல் முயன்று 1858இல் வொர்க்ஹவுஸ் தரிசனச் சங்கம் ஒன்றை நிறுவினார். சங்கத்தின் பெயரைக் கேட்டால் அது பூவும் பழமும் கொண்டு செல்லும் புண்ணியவதிகளின் குழு என்றே தோன்றும். உண்மையில் அப்பெண்கள் கண்டதைக் குறித்துக்கொண்டார்கள். சங்கம் நடத்திய பத்திரிகை, எந்த விடுதியில் யார் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியை இடைவிடாமல் எழுப்பியது.

அக்கேள்விக்கு உரிய விடை இதுதான்: விடுதியில் சேர்ந்த ஏழைகளே ஏழைகளைப் பார்த்துக்கொண்டார்கள். கூலிக்குச் சிப்பந்திகளை வைத்தால் வரி உயரும் என்பதால், நடமாடச் சக்தியுள்ள மூதாட்டி ஒருத்தியைப் படுக்கையில் கிடக்கும் இருபது முப்பது பேருக்குத் தாதியாக நியமித்து, அதற்குப் பிரதியாகக் கொஞ்சம் கூடுதல் உணவும் பீரும் சில இடங்களில் ஜின் மதுவும் கொடுத்துவந்தார்கள். அவர்களுள் பலருக்கு மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கத் தெரியாது. அதே ஸ்ட்ராண்டு விடுதியில் 1856இல் மருத்துவராய்ச் சேர்ந்த ஜோஸப் ராஜர்ஸ், தமக்குக் கிடைத்த ஆண்டுச் சம்பளமான 50 பவுனிலிருந்தே நோயாளிகளுக்கு வேண்டிய மருந்தையும் வாங்கித் தரவேண்டிய நிலையில் இருந்தார். மருத்துவர் எவ்வளவு மனச்சாட்சியோடு மருந்து கொடுக்கிறாரோ அவ்வளவுக்கு அவர் வீட்டில் அரிசி குறையும்படியான இந்த ஏற்பாட்டைவிட விபரீதமான ஒன்றைக் கற்பனை செய்வதும் கடினம். நோயாளிகள் படுத்திருக்கும் அறைகளின் சாளரத்துக்குக் கீழேயே, வருமானத்துக்காக ஊரார் கம்பளங்களை உதறித் தூசி தட்டும் வேலையும் நடந்துவந்தது.

1864ஆம் ஆண்டின் இறுதியில், ஹோல்பர்ன் விடுதியிலிருந்த டிமோதி டாலி என்ற கூலியாள் கவனிப்பாரின்றிப் படுக்கைப் புண் கண்டு மடிந்த செய்தி பத்திரிகைகளில் வந்து பெருங்கிளர்ச்சி மூண்டது. அவன் முதியவன் அல்லன். ஆனால் அவனைக் கவனிக்காத அதே கைகளில்தான் லண்டனின் ஆயிரக்கணக்கான முதியோர் இருந்தார்கள். 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகை 1865இல், அரசாங்கம் செய்யாததைத் தானே செய்யத் துணிந்து, எர்னஸ்ட் ஹார்ட், பிரான்சிஸ் ஆன்ஸ்டி முதலிய மருத்துவர்களைப் பரிசோதகர்களாக நியமித்து லண்டன் விடுதிகளின் நோயாளர் பகுதிகளுக்கு அனுப்பியது. முதியோரைப் பேணும் இடங்களைத் திட்டமாக, ஒரே வகையான கேள்விகளைக் கொண்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளந்த முயற்சிகளுள் இதையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஒரு படுக்கைக்கு எத்தனை கன அடிக் காற்று இருக்கிறது, சாளரங்கள் எப்புறம் திறக்கின்றன, கழிப்பறை எவ்வளவு தூரம், கைகழுவும் பாத்திரம் எத்தனை பேருக்கு ஒன்று, சம்பளம் பெறும் தாதிமார் எத்தனை பேர், இரவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள். அக்காலத்து மருத்துவ சாஸ்திரம் கெட்ட காற்றையே நோயின் பெருங்காரணமாக நம்பியபடியால் கன அடிக் கணக்குக்கு அவர்கள் அதிக முக்கியத்துவம் கொடுத்தார்கள். ஆனால் அறிக்கைகளைப் படிப்போர் மனத்தில் நிலைத்தது காற்றின் கணக்கன்று, இரவில் கூப்பிட்டால் வருவார் இல்லை என்ற உண்மையே.

அதே 1865ஆம் ஆண்டில் லிவர்பூல் நகரத்தில் வேறொரு பரிசோதனை தொடங்கியது. வில்லியம் ராத்போன் என்ற செல்வர் செலவை ஏற்க, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பள்ளியில் பயின்ற 12 தாதிமாரோடு ஆக்னஸ் ஜோன்ஸ் என்ற இளமங்கை பிரவுன்லோ ஹில் விடுதியின் நோயாளர் பகுதியை ஏற்றார். பயிற்சி பெற்றவர்கள் வந்தால் செலவு கூடுமேயன்றிப் பயன் கூடாது என்று எண்ணியவர்களின் வாயை அவர் தம் உழைப்பால் அடைத்தார்; விடுதியில் பரவிய டைபஸ் காய்ச்சல் தம்மையும் பற்ற, 1868 பிப்ரவரியில், 35ஆம் வயதில், அங்கேயே உயிர் நீத்தார். இதற்கிடையே 1867இல் தலைநகருக்கான ஏழை மருத்துவச் சட்டம் நிறைவேறி, நோயாளிகளுக்குத் தனி மருத்துவமனைகள் எழுந்தன. ஆனால் இச்சீர்திருத்தம், தீர்க்கக்கூடிய நோயுடையவர்களையே பெரிதும் நாடிச் சென்றது. தீராத முதுமை உடையவர்கள் பழைய கட்டடத்திலேயே தங்கினார்கள். நோயாளிகளைப் பேணும் தாதி வேலைக்கு விடுதிவாசிகளையே பயன்படுத்துவதைத் தடுக்கும் ஆணை 1897இல்தான் பிறந்தது. லூயிஸா ட்வைனிங் முதன்முறையாக உள்ளே நுழைந்து 44 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இடையில் சில இனிய மாறுதல்கள் நேர்ந்தன. 1882இல் பிரபஸான் சீமாட்டி தொடங்கிய திட்டத்தின்படி, கனத்த வேலை செய்ய இயலாத முதியோருக்கு நூலும் துணியும் ஊசியும் கொடுத்துப் பின்னலும் எம்பிராய்டரியும் கற்றுத்தந்தார்கள். நாள் முழுதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதே ஒரு நோய் என்பதை அவ்வம்மையார் உணர்ந்திருந்தார். 1890களில் முதியோருக்குப் புகையிலையும், வேண்டிய நேரத்தில் தாமே தயாரித்துக்கொள்ளத் தேயிலையும் கொடுக்க அனுமதி வந்தது. தேநீரைத் தாமே போட்டுக்கொள்வது அற்பமான சலுகை என்று தோன்றலாம். ஆனால் எப்போது குடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை மீண்டும் அந்த மனிதர்களுக்குக் கிடைத்ததே, அதன் மதிப்பைக் கன அடியால் அளக்க முடியாது.

பிறகு ஓய்வூதியம் வந்தது. வறுமையை ஆராய்ந்த சார்லஸ் பூத் முதலியோர் பல்லாண்டு வாதாடியதன் பயனாக 1908இல் சட்டமாகி, 1909 ஜனவரி 1ஆம் தேதி முதல், 70 வயது நிறைந்த எளியோருக்கு வாரந்தோறும் 5 ஷில்லிங் தபால் நிலையத்தில் கிடைக்கலாயிற்று. வீட்டிலிருந்துகொண்டே ஏழைச் சட்டத்தின் உதவியைப் பெற்றுவந்த முதியோர் ஏறக்குறைய எல்லோரும் அதைக் கைவிட்டு ஓய்வூதியத்துக்கு மாறினார்கள். ஆனால் வொர்க்ஹவுஸுக்குள் இருந்த முதியோரின் எண்ணிக்கை அவ்வாறு குறையவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்தது காசின்மை மட்டும் அன்று. தூக்கி உட்காரவைக்க ஒரு கை, ஊட்டிவிட ஒரு கை, இரவில் துணைக்கு ஒரு கை இல்லாமையே ஆகும். 5 ஷில்லிங் கொடுத்து அவ்வளவு கைகளை வாங்க முடியாது. இச்சரித்திரம் முழுவதிலும் இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தென்படவில்லை. ஆனால் அக்காலத்து ராஜதந்திரிகள் அதைக் கவனியாமல், ஓய்வூதியத்தோடு பிரச்சினை தீர்ந்ததென்று நம்பினார்கள். 1930இல் விடுதிகள் மாவட்ட, நகர சபைகளின் கைக்கு மாறிப் புதுப்பெயர் பெற்றன. மதிலும் படுக்கையும் மாறவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து தொழிற்கட்சி அரசாங்கம் ஏற்பட்டபோது, சுகாதார மந்திரியான அனைரின் பீவன் பெருங்கனவோடு இத்துறையில் இறங்கினார். 1948 ஜூலை 5ஆம் தேதி அமலுக்கு வந்த தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழைச் சட்டத்தை ஒழித்துவிட்டதாகத் தன் தொடக்கத்திலேயே அறிவித்தது. இனி முதியோருக்கு 25 அல்லது 30 பேர் வாழும் சிறு இல்லங்கள் எழும் என்றும், 26 ஷில்லிங் ஓய்வூதியத்தில் 21 ஷில்லிங்கை அவர்கள் வாடகையாகச் செலுத்தி மீதி 5 ஷில்லிங்கைக் கைச்செலவுக்கு வைத்துக்கொள்வார்கள் என்றும், அதனால் இல்லத்தின் மேலாளருக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு ஓட்டல்காரருக்கும் விருந்தாளிக்கும் உள்ளதைப் போன்றிருக்கும் என்றும் அவர் விளக்கினார். காசு கொடுத்துத் தங்குபவன் கைகட்டி நிற்கவேண்டியதில்லை என்ற அக்கருத்தின் உயர்வை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் போரினால் இடிந்த தேசத்தில் செங்கல்லும் மரமும் குடும்பங்களுக்கான வீடுகளுக்கே போதவில்லை. சிறு இல்லங்கள் மெதுவாக எழுந்தன. பழைய விடுதிகள் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிக்கொண்டு நிலைத்தன.

பத்தாண்டுகளுக்குப் பின், பீவனின் கனவு எவ்வளவு தூரம் நனவாயிற்று என்று பார்க்கப் புறப்பட்டவர் பீட்டர் டவுன்செண்டு என்ற இளம் சமூகவியலாளர். லண்டனின் கிழக்குப் பகுதியில் உழைப்பாளர் குடும்பங்கள் தம் முதியோரைக் கைவிடவில்லை என்பதை 1957இல் வெளிவந்த நூலொன்றில் அவர் நிரூபித்திருந்தார். அப்படியானால் இல்லங்களை நிரப்பியிருப்பவர்கள் யார், அங்கே அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற வினா இயல்பாக எழுந்தது. 1958, 1959ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுற்றி, 173 இல்லங்களை அவரும் துணைவர்களும் பார்வையிட்டார்கள். அவற்றுள் 39 பழைய வொர்க்ஹவுஸுகள், 53 நகர, மாவட்ட சபைகளின் ஏனைய இல்லங்கள், 39 தர்ம ஸ்தாபனங்களுக்கு உரியவை, 42 தனியார் லாபத்துக்காக நடத்தியவை. மேலாளரின் அறையில் உட்கார்ந்து புள்ளிவிவரம் கேட்டுத் திரும்பாமல், படுக்கையறை, கழிப்பறை, சமையலறை, மாடிப்படி என்று எல்லாவற்றையும் பார்த்து, புகைப்படமும் எடுத்தார். புதிதாகச் சேர்ந்தவர்களைத் தனியே சந்தித்துப் பேசினார். பழைய விடுதியொன்றில் சில நாட்கள் தாமே உதவியாளராகச் சேர்ந்து முதியவர்களைக் குளிப்பாட்டினார். ஒரு முதியவரின் உடலைத் தம் கையால் துடைத்த அனுபவம் இல்லாமல் பராமரிப்பின் தரத்தைப் பற்றி எழுதலாகாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்; அவ்வெண்ணம் சரியானதே.

அவர் கண்டது என்ன? சபைகளின் பொறுப்பிலிருந்த முதியோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் பழைய வொர்க்ஹவுஸ் கட்டடங்களிலேயே இருந்தார்கள். நீண்ட கூடங்களில் இரும்புக் கட்டில்கள் நெருக்கமாக வரிசையாய்க் கிடந்தன. சாமான் வைக்க ஒரு சிறு பேழைகூடப் பலருக்கு இல்லை. சில இடங்களில் உடைகள் பொதுவாக இருந்து, சலவையிலிருந்து வந்தது எவர் மேனிக்குப் பொருந்துமோ அவருக்கு வழங்கப்பட்டது. பகற்கூடங்களில் நாற்காலிகள் நான்கு சுவர்களையும் ஒட்டிப் போடப்பட்டிருந்தன. எதிரெதிராக அமர்ந்த முதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். இல்லத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் கணவனும் மனைவியுமாக அங்கேயே குடியிருந்த மேற்பார்வையாளரும் மேட்ரனும். வொர்க்ஹவுஸ் காலத்து எஜமானர், எஜமானி என்ற ஏற்பாடே வேறு பெயரில் நீடித்தது. அவர்களுள் பலர் பழைய சட்டத்தின் கீழேயே தொழில் கற்றவர்கள். அவர்களை டவுன்செண்டு துஷ்டர்களாகச் சித்திரிக்கவில்லை. பயிற்சி இல்லாமலும் போதிய சிப்பந்திகள் இல்லாமலும் நூற்றுக்கணக்கானோரைப் பேண வேண்டிய மனிதர்கள், காலை ஆறு மணிக்கே எல்லாரையும் எழுப்புவதும், வாரத்துக்கொருமுறை வரிசையில் நிறுத்திக் குளிப்பாட்டுவதும் அன்றி வேறு என்ன செய்ய முடியும் என்று அவரது விவரணையே நம்மைக் கேட்கவைக்கிறது. ஒரு மணி நேரத்தில் இத்தனை பேரை எழுப்பி உடுத்தவேண்டும் என்ற கட்டாயம், நல்ல உள்ளம் படைத்தவளையும் நாளடைவில் அவசரக்காரியாக்கிவிடும்.

1962இல் வெளியான அவரது 'கடைசிப் புகலிடம்' என்ற பெருநூலின் சிறப்பு, தரத்தை அளக்க அவர் வகுத்த முறையில் இருக்கிறது. கட்டட வசதிகளுக்கு ஒரு மதிப்பெண், சிப்பந்திகளுக்கும் சேவைகளுக்கும் ஒன்று, பொழுதைப் பயனுறக் கழிக்கும் வழிகளுக்கு ஒன்று, அன்றாட வாழ்வின் சுதந்திரத்துக்கு ஒன்று, சமூகத் தொடர்புகளுக்கு ஒன்று என்று அவர் பிரித்தார். 'லான்செட்' மருத்துவர்கள் காற்றை அளந்தார்கள் என்றால், இவர் விருப்பத்தை அளக்கத் துணிந்தார்: எழும் நேரத்தைத் தாமே முடிவு செய்யலாமா, சொந்த நாற்காலியைக் கொண்டுவரலாமா, கேளாமல் வெளியே சென்று திரும்பலாமா, உறவினர் எந்த நேரமும் வரலாமா? இக்கேள்விகளுக்கு உரிய விடைகளையும் கழிப்பறைகளின் எண்ணிக்கையையும் ஒரே பட்டியலில் வைத்து எடைபோட்டது, அதுவரை எவரும் செய்யாத காரியம் என்றே சொல்வேன். பழைய விடுதிகள் இப்பரீட்சையில் மிகவும் பின்தங்கின என்பதில் வியப்பில்லை. நகர சபைகள் போருக்குப் பின் கட்டிய அழகிய இல்லங்களில் சிலவும், கட்டட வசதியில் உயர்ந்து நின்றபோதிலும், சுதந்திரம் என்ற பகுதியில் தலைகுனிந்தன என்பதே சிந்திக்கத்தக்கது.

இல்லங்களுக்கு வந்தவர்களில் மணமாகாதவர்களும் பிள்ளையற்றவர்களும் மிகுதி என்பதையும், வீடு பறிபோனதாலோ துணை இறந்ததாலோ வந்த பலர் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் சக்தியுடையவர்கள் என்பதையும் கண்ட டவுன்செண்டு, இவ்வில்லங்களையே படிப்படியாக ஒழித்து, காவலர் ஒருவர் அருகிலிருக்கும் சிறு தனி வீடுகளையும் வீடு தேடிவரும் உதவிகளையும் பெருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். இம்முடிவில் பெரும்பகுதி நியாயமானது. ஆயினும் இரவும் பகலும் துணை வேண்டுகிற, தம் பிள்ளையின் பெயரையும் மறந்துவிட்ட முதியோர் பிற்காலத்தில் எவ்வளவு பெருகப் போகிறார்கள் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். அத்தகையோருக்குத் தனி வீட்டின் கதவு மட்டும் போதாது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைவாகவே சொல்லலாம். பழைய விடுதிகள் மெல்ல மூடப்பட்டன. 1980களில் அரசாங்கப் பணம் தனியார் இல்லங்களின் கட்டணத்துக்குத் தாராளமாகக் கிடைத்தபடியால் அவை பன்மடங்காகப் பெருகின. 1984ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அவற்றைக் கண்காணிக்க முயன்றது. ஆனால் தனியார் இல்லங்களைப் பதிவு செய்து சோதிக்கும் சபைகளே தம் சொந்த இல்லங்களையும் நடத்திவந்தன. அவற்றை அதே கோலால் அளக்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரச் சட்டம் இருவகையையும் ஒரே சோதனைக்குள் கொண்டுவந்து, 38 குறைந்தபட்சத் தரங்களை வகுக்க வழி செய்தது. புதிதாகக் கட்டும் அறை 12 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்றும், பராமரிப்பாளர்களில் பாதிப் பேராவது 2005க்குள் குறித்த தகுதியைப் பெறவேண்டும் என்றும் அவை கூறின. 2009இல் தோன்றிய பராமரிப்புத் தர ஆணையம், ஓர் இல்லம் பாதுகாப்பானதா, பயனுள்ளதா, பரிவுள்ளதா, தேவைக்கேற்ப நடப்பதா, நன்கு நிர்வகிக்கப்படுவதா என்ற ஐந்து கேள்விகளைக் கேட்டு, 2014 முதல் நான்கு படிகளில் ஒன்றைச் சூட்டுகிறது. அந்த அறிக்கையை எவரும் படித்துப் பார்க்கலாம்.

அறையின் அளவுக்கு எண் சொன்ன இத்தேசம், சிப்பந்திகளின் அளவுக்கு எண் சொல்லாமல் நிற்கிறது. தகுதியுள்ளவர்கள் போதிய எண்ணிக்கையில் இருக்கவேண்டும் என்பதே இன்றைய விதி. எது போதும் என்பதை இல்லத்தை நடத்துவோர் முதலில் முடிவு செய்கிறார்கள். இல்லவாசிகளின் தேவை இடத்துக்கு இடம் வேறுபடுவதால் ஒரே எண்ணை விதிப்பது பொருந்தாது என்று சொல்வதில் நியாயம் இருப்பினும், கூலியே செலவின் பெரும்பகுதியாய் இருக்கும் தொழிலில், குறைக்க வேண்டிய நெருக்கடி வரும்போது எது முதலில் குறையும் என்பதை ஊகிப்பது அரிதன்று. கட்டடங்களை விற்று வாடகைக்கு எடுத்து விரிவடைந்த ஒரு பெருங்கம்பெனி, ஏறிய வாடகையைக் கட்டமுடியாமல் 2011இல் விழுந்தபோது, 31,000 முதியோர் தம் படுக்கை நாளை யாருடையது என்று அறியாமல் தவித்தார்கள். வேலைக்கு உள்ளூரில் ஆள் போதாமல், அயர்லாந்திலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் ஒரு காலத்தில் பெண்கள் வந்தார்கள். பின்னர் பிலிப்பைன்ஸிலிருந்தும், கேரளம், தமிழகம் உட்பட இந்தியாவிலிருந்தும் செவிலியர் சென்றார்கள். 2022 பிப்ரவரியில் பராமரிப்பாளர்களுக்கும் விசாக் கதவு திறந்ததும் இந்தியரும் நைஜீரியரும் ஜிம்பாப்வேயரும் பெருந்தொகையாய்ப் போனார்கள். நம் ஊர்களில் பெற்றோரைத் தனியே விட்டுச் சென்ற பிள்ளைகள் சிலர், அங்கே வேறொருவரின் பெற்றோருக்கு இரவுத் துணையாய் அமர்ந்திருக்கிறார்கள்.

டவுன்செண்டின் குறிப்புகளும் புகைப்படங்களும் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைத் துணைகொண்டு ஜூலியா ஜான்சன், ஷீனா ரோல்ஃப், ராண்டல் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர் மூவர், அவர் பார்த்த 173 இல்லங்களும் என்னவாயின என்று தேடி 2010இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தேடும் வேலையில் நாடெங்கும் தொண்டர்கள் உதவினார்கள். அவர்களில் பலர் தாமே முதியவர்கள். பெரும்பாலான இல்லங்கள் மறைந்துவிட்டன. எஞ்சிய சிலவற்றுக்குள் மீண்டும் சென்று பார்த்தபோது, கூடங்கள் தனியறைகளாக மாறி, பலவற்றில் தனிக் குளியலறையும் சேர்ந்திருந்தன. கட்டட வசதியில் ஏற்பட்ட முன்னேற்றத்தை எவரும் மறுக்க முடியாது. ஆனால் 1959இல் மேசை விரித்தும் காய் நறுக்கியும் உதவி, தெருக்கோடிக் கடை வரை நடந்து திரும்பிய முதியோரின் இடத்தில், அவர்களைவிட வயதிலும் தளர்ச்சியிலும் மிகுந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை வெளியே அழைத்துச் செல்ல ஒருவர் உடன் வரவேண்டும், அந்த ஒருவருக்கு நேரம் வேண்டும். எழுப்புதல், உடுத்துதல், ஊட்டுதல், எழுதிவைத்தல் என்று சிப்பந்திகளின் நாள் நிரம்பிவிட்டபடியால், ஒரு மூதாட்டியின் அருகில் சும்மா உட்கார்ந்து பேசுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த நேரம் மிகவும் சொற்பமாக இருந்தது.